பதினாறாம் வாரத்து டிக்

மார்ச் 4, திங்கள்

ஆய்வகத்துப் பெரிய ஃப்ரீசர் இன்று மூன்றாவது முறையாகக் கத்தியது. மெக்கானிக் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இன்னும் ரெண்டு வாரம் தாங்கினா பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினைந்தாம் தேதிக்குள் அவரவர் தட்டை அவரவர் காலி செய்ய வேண்டுமாம். வேண்டியதைப் புது ஃப்ரீசருக்கு மாற்று, வேண்டாததைத் தூக்கிப் போடு. என் தட்டில் நாலு வருஷத்து எலி மாதிரிகள் உறைந்த குழாய்கள் கிடக்கின்றன.

கட்டுரை வெளிவந்து ஆறு வாரம். பேராசிரியருக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. யார் எதைச் சொன்னாலும் "ஒரே வரியில சொல்லு" என்பார். அதனால் ஆய்வகத்தில் அவருக்கு ஒருவரியார் என்று பெயர். என் நாலு வருஷ வேலையையும் ஒரே வரியாக்கிவிட்டார்: வளர்ந்த உடம்புக்கு மேஸ்திரி தேவையில்லை.

மேஸ்திரி என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். மற்ற மரபணுக்களை ஏவுகிற மரபணு அது. தானாக ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்காது. நீ வேலையைத் தொடங்கு, நீ நிறுத்து என்று சொல்வதோடு சரி. கருவில் ரத்தத்தை உண்டாக்குகிற மூலச்செல்கள் உருவாக அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் குட்டி பிறக்கவே பிறக்காது. வளர்ந்த பிறகும் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வளர்ந்த எலிகளுக்கு ஊசி போட்டு அந்த மரபணுவை வெட்டி எடுத்தேன். பதினாறு வாரம் பார்த்தேன். ரத்தம் அப்படியே இருந்தது. ஆகவே தேவையில்லை.

அக்காவுக்கு வந்த ரத்தப் புற்றுநோயில் நோய்ச்செல்கள் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்கின்றன. மேஸ்திரியை அடக்குகிற மாத்திரை ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. நல்ல செல்லுக்கு மேஸ்திரி தேவையில்லை என்றால் மாத்திரை நோயை மட்டும் கொல்லும். அந்த 'என்றால்' என்ற இடத்தில்தான் என் கட்டுரை நிற்கிறது.

இன்று பெருமையாகத்தான் எழுதுகிறேன். இருக்கட்டும், யாரும் படிக்கப் போவதில்லை.

மார்ச் 6, புதன்

அக்காவுக்கு மாதாந்திர ரத்தப் பரிசோதனை. அத்தானுக்கு லீவு இல்லை. முடிவு வாங்க செவ்வாய்க்கிழமை நான்தான் கூடப் போக வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

போன வருஷம் ஜனவரியில் என் மூலச்செல்களை எடுத்து அக்காவுக்கு ஏற்றினார்கள். அதிலிருந்து அவள் உடம்பில் ஓடுவது என் ரத்தம். அத்தானிடம் சண்டை போட்டால், "இது நான் பேசல, அவ ரத்தம் பேசுது" என்று பழியை என்மேல் போட்டுவிடுவாள். மாதா மாதம் அவள் ரத்தத்தில் என் பங்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள்; அது குறைந்தால் நோய் திரும்புகிறது என்று அர்த்தம். நூறு, நூறு, நூறு என்றே வந்துகொண்டிருந்தது. போன மாதம் தொண்ணூற்றெட்டு.

இன்று தொண்ணூற்றொன்று.

டாக்டர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்ப மிச்சம் ஒம்பது நானா? சொந்த வீட்டுக்குள்ளேயே நான் திருட்டுத்தனமா நுழையிறேனா?" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. நானும்தான்.

எனக்குப் புரியாமல், "ரத்த எண்ணிக்கை எல்லாம் சரியாத்தானே இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். எவ்வளவு ரத்தம் இருக்குன்னுதான் அது சொல்லும், யாரோட ரத்தம்னு சொல்லாது. அதுக்குத்தான் மாசாமாசம் தனியா பாக்கிறோம்."

இன்னும் கீழே போனால் இரண்டு வழி என்றார். என்னிடமிருந்து வெள்ளணுக்களை எடுத்து மறுபடி ஏற்றுவது ஒன்று. அது கடினமான வழி, என் அணுக்கள் அவள் உடம்பையே தாக்கலாம். இன்னொன்று அந்தப் புது மாத்திரை. ஏப்ரல் எட்டாம் தேதி இதே ஆஸ்பத்திரியில் சோதனை தொடங்குகிறது. பன்னிரண்டு பேர். "உங்க பேரைச் சேத்துடலாம்."

அக்கா என் தொடையைத் தட்டி, "இவ கண்டுபிடிச்சதுதான் டாக்டர், இவ கட்டுரைதான்" என்றாள். ஊரைக் கூட்டிச் சொல்லாத குறை.

பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். முடி உதிர்ந்து திரும்ப வந்ததில் சுருட்டையாக வந்திருக்கிறது. நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். யாரோட ரத்தம்னு சொல்லாது. யாரோட ரத்தம்னு சொல்லாது. இது ஏன் எனக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது?

மார்ச் 13, புதன்

ஏன் என்று தெரிந்துவிட்டது.

பதினாறாம் வாரம் என் எலிகளில் ரத்த எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். அந்த ரத்தம் எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று பார்த்தேனா?

ஊசி போட்ட இரண்டாம் வாரம் பார்த்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செல்களில் மரபணு வெட்டுப்பட்டிருந்தது. ஐந்தில் வெட்டுப்படவில்லை. எந்த ஊசியிலும் கொஞ்சம் தப்பத்தான் தப்பும், கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். அந்த ஐந்து அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?

பழைய நோட்டை எடுத்தேன். பதினாறாம் வாரத்துக்கு நானே எழுதி வைத்த பட்டியல்: எடை, ரத்த எண்ணிக்கை, மஜ்ஜை எடுத்து உறைய வைப்பது, வெட்டு மறுபடி சரிபார்ப்பு. நான்கிலும் டிக். முதல் மூன்றுக்கும் பக்கத்தில் எண்கள் இருக்கின்றன. நான்காவதற்கு டிக் மட்டும்.

தேதி போன வருஷம் ஜனவரி 17. மறுநாள் என் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி மெஷினோடு கட்டிப்போட்டு அக்காவுக்காகச் செல் எடுத்தார்கள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று டிக் போட்டேனா? மஜ்ஜையைத்தான் எடுத்து வைத்தாயிற்றே, பார்த்த மாதிரிதான் என்று நினைத்தேனா? நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. டிக் என்னுடையதுதான். வால் நீண்டு அடுத்த வரியைத் தொடும், நான் எப்போதும் அப்படித்தான் போடுவேன்.

மறந்தேனா, ஏமாற்றினேனா?

மார்ச் 14, வியாழன்

குழாய்கள் தட்டின் அடியில் இருந்தன. பதினொரு எலி, பதினொரு குழாய். அவற்றுக்கு மேலே இருந்ததை எல்லாம் 'வேண்டாதது' டப்பாவில் போட்டுவிட்டிருந்தேன். நாளை பத்து மணிக்கு இவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

வெட்டுப்பட்ட மரபணு குட்டையானது, ஜெல் பாளத்தில் வைத்து மின்சாரம் விட்டால் வேகமாக ஓடிக் கீழே நிற்கும். வெட்டுப்படாதது நீளம், மேலேயே நின்றுவிடும். குழந்தைக்குக்கூடக் காட்டலாம்.

பதினொன்றும் மேலே நிற்கின்றன.

மார்ச் 15, வெள்ளி

திரும்பச் செய்தேன். புது ரசாயனம், புது ஜெல், இரண்டாம் வாரத்துக் குழாய்களைப் பக்கத்திலேயே வைத்து. அவை அழகாகக் கீழே. பதினாறாம் வாரம் பதினொன்றும் மேலே. போச்சு. எல்லாம் போச்சு. எவ்வளவு பெரிய முட்டாள் நான்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்கிற கேள்வியைக் கேட்காம விட்டுட்டு, மேடையேறிப் பேசி, கைதட்டு வாங்கி —

எலிக்கூடத்துக்குப் போனேன். அங்கே இருபது வருஷமாக எலிகளைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் பழைய கூண்டு அட்டைகளைக் கேட்டேன். அவர் எதையும் எறிகிறவர் இல்லை. கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு அட்டையில் ஒன்பதில் அவர் கையெழுத்து: '5ம் வாரம். காதும் பாதமும் வெளுப்பு.'

"நான் அப்பவே உங்ககிட்ட சொன்னேனே மேடம். ஊசிக் காய்ச்சல், தன்னால சரியாயிடும்னீங்க. சரியாவும் ஆயிடுச்சு" என்றார்.

சரியாத்தான் ஆயிடுச்சு, அண்ணே. ஆனால் யாரால்?

இப்போது முழுதாகத் தெரிகிறது. மேஸ்திரி இல்லாத மூலச்செல்கள் ஐந்தாறு வாரத்துக்குள் செத்துப்போயின. அதனால்தான் காது வெளுத்தது. ஊசிக்குத் தப்பிய அந்த ஐந்து பங்கு, காலியான வீடு முழுக்கப் பரவி ரத்தத்தை நிரப்பியது. பதினாறாம் வாரம் நான் பார்த்து வியந்தது அவற்றின் ரத்தத்தை. மேஸ்திரி இல்லாமல் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியது மேஸ்திரி உள்ள ரத்தத்தைப் பார்த்து. எங்கள் ரத்த எண்ணிக்கை வரைபடத்தில் ஐந்தாம் வாரம் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. ஒருவரியார் அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னார். நானும் தள்ளினேன்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். ஊசிக்கு ஐந்து தப்பியது. மாத்திரை ரத்தத்தோடு எல்லா இடத்துக்கும் போகும். அதற்கு ஒன்றும் தப்பாது. அக்கா அதைச் சாப்பிட்டால் முதலில் சாவது நான் கொடுத்த செல்கள். அவளுக்கு இருப்பதே அதுதான்.

மார்ச் 18, திங்கள்

ஒருவரியார் அறையில்.

"ஒரே வரியில சொல்லு."

"நம்ம கட்டுரை தப்பு, சார்."

பேனாவை மூடி வைத்தார். "விரிவா சொல்லு" என்றார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை இன்றுதான் கேட்டேன்.

சொன்னேன். ஜெல் படங்களைக் காட்டினேன். டிக்கையும் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. முதலில் குழாய் மாறியிருக்கும் என்றார். பதினொன்றுமா மாறும் என்றதும் அதை விட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"திரும்ப எலிகளை வெச்சு ஒழுங்காப் பண்ணுவோம். ஆறு மாசம். முழுசாத் தெரிஞ்சப்புறம் சொல்லலாம். அரைகுறையா சொல்லி ஒரு நல்ல மருந்தை நாமளே கெடுத்துடக் கூடாது பாரு."

"சோதனை ஏப்ரல் எட்டாம் தேதி சார்."

"கம்பெனிக்காரங்க தாங்களும் பாத்திருப்பாங்கம்மா. நம்ம ஒருத்தரை நம்பியா இறங்குவாங்க?"

அவர் சொல்வதில் பாதி நியாயம்தான். அந்தப் பாதிதான் என்னைக் கொல்கிறது.

மார்ச் 19, செவ்வாய்

கம்பெனியின் பாதுகாப்பு அறிக்கை ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் கிடைத்தது. மூலச்செல் பற்றிய பகுதியில் ஆதாரமாக ஒரே ஒரு கட்டுரையைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 21, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. கதவைத் திறந்ததுமே, "பேர் வந்துடுச்சுடி! நான்தான் மூணாவது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மேசையில் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள், இருபது பக்கம். அத்தான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இந்த வீட்ல இனிமே உங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது" என்றார். அத்தான் இப்படியெல்லாம் பேசுகிற ஆளே இல்லை.

ஏற்றின வருஷத்தில் அந்தத் தனி அறையில் வாயெல்லாம் புண்ணாகி நாற்பது நாள் கிடந்தாள். "இன்னொரு தடவை அது மட்டும் என்னால முடியாது. மாத்திரைதானே, தண்ணியக் குடிச்சு முழுங்கிட்டுப் போறேன்" என்று இன்று இரண்டு முறை சொன்னாள்.

நான் டீ குடித்தேன். பிஸ்கட் தின்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

சீ.

மார்ச் 24, ஞாயிறு

பயம் எனக்கு எதைப் பற்றி? வேலை போய்விடும் என்றா? ஆகஸ்டோடு ஒப்பந்தம் முடிகிறது, பொய்க்கட்டுரைக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு வேறு யார் தருவார்கள்? அல்லது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றா? இரண்டையும் நேர்மையாக எடை போட்டுப் பார்த்தால் இரண்டாவதுதான் கனமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். பன்னிரண்டு பேரை எதில் மறைப்பது?

மார்ச் 25, திங்கள்

காலையில் எழுதினேன். அக்காவின் டாக்டருக்கும் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கும் ஒரே கடிதம். ஜெல் படங்கள், கூண்டு அட்டைகள், டிக் போட்ட பக்கம் எல்லாம் இணைத்தேன். அனுப்புவதற்கு முன் ஒருவரியாரிடம் காட்டினேன், முதுகுக்குப் பின்னால் செய்ய மனம் வரவில்லை. படித்தார். "என் கையெழுத்து வேணும்னு கேப்பேன்னு நினைக்கிறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அனுப்பு. நான் தடுக்க மாட்டேன். சேரவும் மாட்டேன்."

அனுப்பினேன்.

மாலை அக்கா வீட்டுக்குப் போய், இம்முறை உட்காராமலே சொன்னேன். மூலச்செல், தப்பித்த செல் என்று ஏதேதோ விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே படிவங்களை ஓரம் ஒத்து அடுக்கினாள்.

"என் பேரை நீயே அடிச்சிட்டு வந்திருக்க."

"அந்த மாத்திரை உன்னைக் கொன்னுடும்க்கா."

"உன் எலிக்குத்தான் அப்படி ஆச்சு. அது கூட உனக்கு நிச்சயமாத் தெரியல, ஆறு மாசம் ஆகும்கிற."

"ஆமா."

"அப்ப போன வருஷம் நிச்சயமா தெரியும்னு எப்படிடி சொன்ன? எத்தனை பேர்கிட்ட நான் பெருமையடிச்சேன்! போ. போயிடு. உன் ரத்தத்தையும் கூட எடுத்துட்டுப் போ."

அத்தான் படிவரை வந்தார். குடையை மறந்துவிட்டேன், அதை மட்டும் எடுத்து நீட்டினார்.

ஏப்ரல் 3, புதன்

சோதனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டாக்டர் ஃபோனில் சொன்னார். கம்பெனியின் எலிகளிலும் ஐந்தாம் வாரம் ஒரு சரிவு இருந்ததாம். அவர்களும் ஊசிக் காய்ச்சல் மாதிரி ஏதோ ஒன்று என்று எழுதி வைத்திருந்தார்களாம். எங்கள் கட்டுரையைப் பார்த்துத்தான் அப்படி எழுதினோம் என்றார்களாம்.

அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

எண்பத்து நான்கு. அத்தான் சொன்னார்.

ஏப்ரல் 17, புதன்

மறுபடி அதே மெஷின், அதே சாய்வு நாற்காலி. இரண்டு கையையும் மூன்று மணி நேரம் மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால் நர்ஸிடம் கெஞ்ச வேண்டும். என் வெள்ளணுக்கள் பையில் வெளிறிய சிவப்பாகச் சேர்ந்துகொண்டே போயின.

அக்கா இரண்டு மாடி மேலே. பார்க்கலாமா என்று அத்தானிடம் கேட்டுவிட்டேன். அவர் மேலே போய்த் திரும்பி வந்து, "தூங்குறா" என்றார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. காதெல்லாம் சிவந்துவிட்டது.

மே 2, வியாழன்

அக்காவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு. என் அணுக்கள் அவளைத் தாக்குகின்றன. கொஞ்சம் தாக்கினால்தான் நோயையும் தாக்கும் என்கிறார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்.

இதற்கும் நான்தான் காரணம். எதைக் கொடுத்தாலும் அவளுக்குத் தொல்லையாகவே கொடுக்கிறேன்.

மே 20, திங்கள்

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. ஒருவரியார் கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாசகம் அவருடையதுதான், ஒரே வரி: வளர்ந்த உடம்புக்கும் மேஸ்திரி தேவைப்படலாம், நாங்கள் சரிபார்க்கவில்லை.

'நாங்கள்' என்று போட்டிருக்கிறார். டிக் என்னுடையது மட்டும்தான். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு இங்கே எனக்கு வேலை இல்லை. அதையும் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூன் 14, வெள்ளி

புது எலிகளுக்கு ஆறாவது வாரம். இம்முறை ஊசியை மூன்று தடவை போட்டு, ஒரு செல்லும் தப்பாதபடி வெட்டினோம். அண்ணன் காலையிலேயே ஃபோன் செய்தார். "காது வெளுத்திருக்கு மேடம். நாலு போயிடுச்சு. இந்தத் தடவை சரியாகாதுன்னு தோணுது."

அப்படியென்றால் நான் சரி. ஒரு துளிகூடச் சந்தோஷமாக இல்லை.

ஜூன் 15, சனி

நேற்று எழுத மறந்துவிட்டேன். அக்காவுக்குத் தடிப்பு மறைந்துவிட்டதாம். கஞ்சி குடிக்கிறாளாம். அத்தான் சொன்னதுதான். எனக்கு இன்னும் ஃபோன் இல்லை. அவள் என்னைப் போகச் சொல்லி எண்பத்திரண்டு நாள்.

ஜூலை 9, செவ்வாய்

புது ஃப்ரீசரில் என் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அடுத்து வருகிறவருக்காக. ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

படம் ஒன்று. ஆஸ்பத்திரிக் காகிதம், கொஞ்சம் கோணலாக எடுத்தது. பெருவிரல் நுனியும் விழுந்திருக்கிறது. என் பங்கு: தொண்ணூற்றெட்டு.

கீழே ஒரு வரி: "இதையாவது ரெண்டு தடவை பாத்தாங்களான்னு கேட்டியாடி?"

சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்ன ஆச்சு என்று எழுந்து வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி லேபுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். வேறு வேலை இல்லையா என்கிற குரலில், "எப்பவும் ரெண்டு குழாய்ல தனித்தனியாத்தான் பாப்போம் மேடம். ரெண்டுலயும் அதேதான்" என்றார் அந்தப் பெண்.

அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். பிறகு நோட்டை எடுத்துத் தேதியை எழுதினேன், எண்ணை எழுதினேன், அதற்கப்புறம் டிக் போட்டேன்.